உறிஞ்சு சாமியும் பாலையாவின் குடலும்

உறிஞ்சு சாமி ஒரே ஒரு இழுப்பு இழுத்ததில்தான் சித்தூர் நீவா நதி வற்றியது. பெங்களூர் சேட்டு ஒருவருக்கு டெலிபோன் வழியாகவே வயிற்றை உறிஞ்சினார். நடுவில் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தின்ற தயிர்சாதமும் சேர்ந்து வந்துவிட்டது. நம்பாதவர்கள் வரிசையில் நின்று கேட்டுக்கொள்ளலாம். காணிப்பாக்கம் ரோட்டுக் கொட்டகையில் தொடங்கிய வரிசை, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் முடிந்தது. நின்ற இடத்திலேயே மூன்று பேருக்குக் கல்யாணம் நிச்சயமானது.

சாமியின் வித்தை, இடுமருந்து எடுப்பது. பொறாமைக்காரர் யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார், அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குகிறது என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நோயாளி வேட்டித் திரைக்குப் பின்னால் வாய் திறக்காமல் படுக்க வேண்டும். சாமியின் பார்வை நேராகப் பட்டால் வயிறு வெந்துவிடுமாம். கூட வந்தவர் பப்பாளித் தண்டைத் தொப்புளில் வைத்துப் பிடிப்பார். அதன் மறுமுனையைத் திரைக்கு இந்தப் பக்கம் சாமி வாயில் வைத்து இழுப்பார். தாம்பாளத்தில் துப்பினால் தலைமுடியும் புளியுமாக ஒரு கறுப்பு உருண்டை விழும். கூட்டம் கோவிந்தா போடும். சாமியின் பூர்வாசிரமப் பெயர் சிட்டிபாபு. அப்போதைய தொழில், நிற்கும் லாரிகளில் டியூப் விட்டு டீசல் உறிஞ்சுவது. அனுபவம் வீண் போகுமா?

பாலையா லாரி டிரைவர். தாராளமயம் வந்ததும் சித்தூர் மாம்பழத்துக்கு டெல்லி பக்கத்துத் தெருவாகிவிட்டது. தூங்காமல் ஓட்ட, வடக்கத்தித் தாபாவில் டீயோடு அபின் உருண்டையும் கிடைத்தது. அதே ரோட்டில் ஹெச்.ஐ.வி.யும் கிடைத்தது. அபினை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டான். பேதிதான் அவனை விடவில்லை. திருப்பதி சர்க்கார் ஆஸ்பத்திரியின் ஹெச்.ஐ.வி. மாத்திரையை நாலு மாதம் விழுங்கியவன், பொறுமை போய் சாமியிடம் வந்தான்.

"உன் மச்சான் வெச்ச மருந்து," என்று சாமி துப்பினார். "இந்தப் பொடிய மூணு வேள துன்னு. ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்து. ரெண்டும் சேந்தா பொடிக்குக் கோவம் வரும்."

அன்றைக்கே பேதி நின்றது. மாத்திரை டப்பா பரண் ஏறியது.

மனைவி தாட்சாயணி பரணில் டப்பாவைப் பார்த்துவிட்டாள். அவளும் அதே மாத்திரைதான் விழுங்குகிறாள். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பத்மாசனியிடம் அவனை இழுத்துப் போனாள்.

"செக்போஸ்ட் தெரியுமோல்லியோ உங்களுக்கு?" என்றார் பத்மாசனி.

"அதுலதானம்மா பாதி வாழ்க்க போச்சி."

"குடல் சுவர்தான் செக்போஸ்ட். ஒடம்போட காவல்காராள்ல பாதிக்கு மேல அங்கதான் நிக்கறா. ஹெச்.ஐ.வி. மொதல்ல அவாளத்தான் தீர்க்கும். சுவர் ஓட்டையாகி, குடல்ல இருக்கற கிருமிச் சரக்கு ரத்தத்துல எறங்கும். ஒடம்பு பூரா உள்ளுக்குள்ள எரிஞ்சுண்டே இருக்கும். மாத்திரைதான் அத அடக்கும். அந்தப் பொடியில என்ன இருக்கு?"

"சாமியோட அருளு."

"ஒரே வேளையில வயித்தப் பூட்டற அருள், அபினா இருக்குமோன்னு பயமா இருக்கு. அது லாரிய செக்போஸ்ட்லயே நிறுத்திடும். தக்காளி லோடு நாலு நாள் நின்னா என்ன ஆகும்?"

"நாறும்."

"உள்ளயும் அதேதான். ஓட்டை இன்னும் பெரிசாகும்."

பாலையா எழுந்து செருப்பை மாட்டினான்.

வியாழக்கிழமை பொடி தீர்ந்தது, மறுபடி வரிசை. தாட்சாயணி எதையோ புடவையில் சுற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கொழந்தையா?" என்றான் சாமியின் சீடன்.

"நாத்தனாரு. மூணு வருசமா சோறு எறங்கல. இளைச்சிட்டா."

"அய்யோ பாவம். மின்ன போ, மின்ன போ."

பாலையாவுக்குக் கூடப்பிறந்தவளே கிடையாது. வாயைத் திறந்தால் வரிசையில் இடம் போய்விடுமே என்று சும்மா இருந்தான்.

"பேரு?" என்றார் சாமி.

"வரலட்சுமி," என்றாள் தாட்சாயணி, திரைக்குப் பின்னாலிருந்து.

சாமி இழுத்தார். கொட்டகைக் கீற்றெல்லாம் உள்பக்கம் வளைந்தது. துப்பினார். உருண்டை.

"மாமியார் வெச்சது. மீன் கொழம்புல கலந்துகீறா."

"இவ மீனு துன்னமாட்டாளே சாமி."

"கல்யாண வூட்ல தெரியாம துன்னுகீறா."

தாட்சாயணி திரையைப் பிடுங்கினாள். பாயில் முப்பது கிலோ பரங்கிக்காய் ஒன்று மல்லாந்து படுத்திருந்தது.

சாமி அசரவில்லை. "உங்க பாவத்தாலதான் அந்தப் பொண்ணு காயாயிட்டா."

பாதிக் கூட்டம் பரங்கிக்காயைக் கும்பிட்டது. ஒரு அம்மாள் அதற்குக் குங்குமமே வைத்துவிட்டாள்.

"செரி," என்றாள் தாட்சாயணி, ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி. "வாயக் கொப்புளிச்சிட்டு இன்னோரு தபா எடு."

சாமியின் கன்னம் மட்டும் பெரிதாயிற்று. வாய் திறக்கவில்லை. கூட்டம் நெருங்கியது. 'களக்' என்று ஒரு சத்தம். கன்னத்தில் அடக்கியிருந்த அடுத்த மூன்று நோயாளிகளின் மருந்தையும் சிட்டிபாபு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, வேலி தாண்டி ஓடினான். தன் மருந்தைத் தானே தின்ற முதல் வைத்தியன் அவன்தான்.

பரங்கிக்காய் வாங்கினால் நாலு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள் ஜனங்கள். சாமியை மட்டும் தட்டிப் பார்க்காமலே வாங்கிவிடுகிறார்கள்.

ஊரே சிரித்தபடி கலைந்தது. பாலையா ஒருவன்தான் வீடு வரைக்கும் முரண்டு பிடித்தான்.

"அது காய் விசயம். எனக்கு எடுத்தது நெசம். பேதி நின்னுச்சா இல்லியா?"

தாட்சாயணி தன் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். "நின்னுச்சி மாமா. நீயும் நிக்கப் போற. அப்பறம் நா மட்டும் எதுக்கு இத முழுங்கிக்கினு இருக்கணும்?"

பாலையா பரணுக்குக் கீழே போய் நின்றான்.

"மொத நாளே நாக்குக்குத் தெரிஞ்சிபோச்சி, தாட்சா. அபினுதான். வயிறு நின்னா போதும்னு கம்முனு இருந்துட்டேன். பரங்கிக்கா வயித்துலயே அவன் மருந்து எடுத்தான், நா கண்ணால பாத்தேன். எனக்கு எடுத்ததும் அதே பொய்யிதான். டப்பாவ எறக்கு. காலைல ஆஸ்பத்திரி அம்மாகிட்டயும் நானே சொல்லிட்றேன்."