கொட்டகைக்குள் ஒரு உறுமல்

பல் டாக்டர் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார். இன்ஜினோ பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்றிருந்தது.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் தக்கையான ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் சொந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொரு கம்பெனியின் பெரிய இன்ஜினை வைக்கவேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. வீட்டுக் கொட்டகையிலேயே வேலை பார்த்த மெக்கானிக் திடீரென்று சொந்த ஊருக்குப் போய்விட்டான். பானெட் மூடியிருந்தது, சாவி ஆணியில் தொங்கியது. பல்லைத் தவிர வேறெதற்குள்ளும் எட்டிப் பார்த்துப் பழக்கமில்லாத டாக்டர், வேலை முடிந்தது என்று வண்டியை எடுத்துவிட்டார்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க," என்றாள் மனைவி.

கொட்டகை மூலையில், காரிலிருந்து கழற்றிப் பலகைமேல் போட்டிருந்த பழைய இன்ஜின்மீது பூனை சுகமாகச் சுருண்டிருந்தது. டாக்டர் கைவைத்தார். சுரீரென்று சுட்டது.

பெட்ரோல் ஏது, பேட்டரி ஏது? வெறும் இரும்பு.

"வெயில்ல காஞ்சிருக்கும்."

"கொட்டகைக்குள்ள ஏதுங்க வெயில்?"

மறுநாள் அவர் திரும்பி வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

"எங்க போனீங்க?"

"கிளினிக்குக்கு."

"பொய். மலை ரோட்டுல ஏறினீங்க. ரெண்டாவது கியர்ல அது முக்கின முக்கல் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு."

"எது?"

அவள் கொட்டகையைக் காட்டினாள்.

பேய் பிசாசைவிட, போகிற இடமெல்லாம் வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறதே என்பதுதான் டாக்டருக்குப் பெரிய பயம்.

பழைய இன்ஜினின் ஆயிலை வடித்தார். அன்று கார் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓட, கொட்டகைக்குள் எழுந்த அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்து வந்தார். டாக்டர் ஆயிலைத் திரும்ப ஊற்றி, இன்ஜினை மெத்தையால் சுற்றிக் கட்டினார்.

"உள்ளேருந்து யாரோ முனகற மாதிரியே இருக்கு," என்று அழுதாள் மனைவி. "ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"சொத்தைப் பல்லை வெச்சுக்கிட்டு அழறதா? புடுங்கிட வேண்டியதுதான்."

பழைய இரும்புக்காரரை வரவழைத்தார். அவர் டாக்டரின் கண்ணெதிரிலேயே சம்மட்டியால் அதைத் துண்டு துண்டாக உடைத்து அள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு அடிக்கும் வாசலில் நின்ற காரின் விளக்குகள் ஒருமுறை இமைத்தன. டாக்டர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

பிறகு சாவியைத் திருப்பினார். கார் கிளம்பிவிட்டது! மனைவியும் துணிந்து ஏறிக்கொண்டாள். மலை ரோட்டில் காற்றாய்ப் பறந்தார்கள்.

"பாத்தியா? பழசு ஒழிஞ்சதும் புதுசு ஒழுங்கா வேலை செய்யுது."

"இப்பதாங்க எனக்கு உயிரே வந்துது."

போன் அடித்தது. மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மெக்கானிக்.

"சார், சொல்லாம கொள்ளாம வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. வண்டியை மட்டும் தொட்டுடாதீங்க. புது இன்ஜினை அளவு பாக்கத்தான் சும்மா உள்ள உக்கார வெச்சிருக்கேன், ஒரு ஒயர்கூட இன்னும் குடுக்கல."