கடல் பார்த்த பனியன்காரர்

இரண்டு விரல்கள் முன் இருக்கைக்காரரின் பின்கழுத்தில் மெல்ல நுழைகின்றன. சட்டைக் காலரை விலக்கி, உள்ளே இருக்கும் பனியனின் கழுத்துப் பட்டியைப் பிடித்து, இழுத்து, விட்டுப் பார்க்கின்றன. பட்டி பழைய இடத்துக்குத் திரும்புகிறதா, துவண்டு கிடக்கிறதா? எதற்கும் இன்னொரு முறை.

"இன்னாய்யா, பூரான் கீரான் ஏறிடிச்சா?" என்று முன் இருக்கைக்காரர் பதறித் திரும்புகிறார்.

"இல்லீங்க. நம்மூர்ச் சரக்குங்க. அதான் ஒரு பார்வை பாத்தனுங்க."

வாசகரே, இவரை உங்களுக்குத் தெரியும். ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது பெட்டி, படுக்கை, கூஜா, புளிச்சோற்று மூட்டை எல்லாவற்றோடும் தன் தொழிலையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிற இனம். இந்த இனத்தில் கொத்தனார் உண்டு. கோபுரத்தைக் காட்டினால் பூச்சைத் தட்டிப் பார்ப்பார். சமையல்காரர் உண்டு, விருந்துக்குப் போனால் பந்தியில் உட்காராமல் அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்ப்பார். ஆனாலும் திருப்பூர்ப் பனியன்காரருக்கு ஈடு யாரும் இல்லை. கோபுரம் ஊருக்கு ஒன்றுதான். பனியன் ஆளுக்கு ஒன்று.

டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பனியன்காரரின் பெயர் அர்த்தநாரி. திருப்பூரை ஒட்டிய நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டர். சனி, ஞாயிறு மெட்ராஸைச் சுற்றிக் காட்ட மனைவி மருதம்மாளையும் மகள் சுப்புலட்சுமியையும் கூட்டி வந்திருக்கிறார். மருதம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: பின்னால் கடல் தெரிய, புருசன் பக்கத்தில் நேராக நின்று, ஒரு போட்டோ. அதற்கும் காரணம் இருந்தது. பல்லடத்தில் இருக்கும் அவளுடைய அக்கா ரங்காத்தாள் ஊரறியச் சொல்லிவிட்டாள்: "உன்ற ஊட்டுக்காரராச்சும், போட்டோவுக்கு நிக்கறதாச்சும். எவன் பனியன் கிழிஞ்சிருக்குதுன்னு பாத்துட்டுல்ல நிப்பாரு?" அக்காவின் வாயை அடைக்க ஒரு போட்டோ வேண்டும். கண்ணாடிச் சட்டத்துக்கு அளவுகூட மனசுக்குள் எடுத்தாகிவிட்டது.

ஆகவே கிளம்பும் முன்பே, ஊர் திரும்பும்வரை பனியன் பேச்சே எடுப்பதில்லை என்று சிவன்மலை முருகன் பேரில் சத்தியம் வாங்கியிருந்தாள். அர்த்தநாரி சத்தியம் தவறாதவர். பேச்சுத்தானே எடுக்கக் கூடாது? பார்ப்பதற்கு முருகன் தடை சொல்லவில்லையே.

உயிர்க் காலேஜ் என்று மெட்ராஸ்காரர்கள் சொல்லும் மிருகக்காட்சி சாலையில் புலி கொட்டாவி விட்டது. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பார்த்தது புலிக்கு இறைச்சி போட்டவரின் முதுகை. செத்த காலேஜ் என்கிற மியூசியத்தில் வரிசையாக நின்ற கற்சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, பெருமூச்சு விட்டார்.

"ஏனுங்க, புடிக்கலீங்களா?" என்றாள் மருதம்மாள்.

"நல்லாத்தான் செதுக்கியிருக்கறாங்க. ஆனா ஒருத்தர்கூட மேலுக்கு ஒண்ணும் போடலியே அம்மிணி."

பதினாலு மாடிக் கட்டடத்தின் எதிரில் மட்டும் அவர் முகம் மலர்ந்தது. வெளியூரிலிருந்து வந்த அத்தனை பேரும் வாயைத் திறந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தலை சாய்ந்தால் காலர் விலகும். காலர் விலகினால்? அர்த்தநாரி பரவசத்தோடு கீழேயே பார்த்தபடி ஒரு சுற்று வந்தார். அந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாடி என்று இன்றைக்குக் கேட்டாலும் மகளைத்தான் கூப்பிடுவார்.

ஞாயிறு சாயங்காலம் கடற்கரை. இங்கிருந்து நேரே ரயிலடிக்குப் போக வேண்டும். மணலில் பெட்டிக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தார் போட்டோக்காரர் கன்னையன். எடுத்த கையோடு பெட்டிக்குள்ளேயே கழுவிக் கொடுத்துவிடுவார். வெறும் பனியனோடு நின்றார் என்பதுதான் மருதம்மாளின் கெட்ட காலம். அவர் குனிந்தபோது இடுப்போரத்தில் பின்னலின் ஒரு கண்ணி விட்டு, ஏணி வைத்தாற்போல் மேலே ஓடியிருந்தது தெரிந்தது.

"பாக்காதீங்க," என்றாள் மருதம்மாள், கடலைப் பார்த்தபடியே.

"ஓடிட்டே இருக்குது அம்மிணி. இன்னிக்கு உட்டா நாளைக்குக் கக்கத்துக்கு ஏறிரும்."

சொன்னவர் சட்டைப் பையிலிருந்து நிட்டிங் மிஷின் ஊசியை எடுத்தார். நுனியில் குட்டிக் கொக்கி வைத்த ஊசி. சத்தியத்துக்குப் பயந்து பேச்சை விட்டு வந்தவர், ஊசியை விட்டு வரவில்லை. கன்னையன் என்ன ஏது என்று கேட்பதற்குள் பனியன் அவர் உடம்பை விட்டு அர்த்தநாரியின் மடிக்கு வந்துவிட்டது. மணலில் சப்பணமிட்டு, அறுந்த கண்ணியைக் கொக்கியில் பிடித்து, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதற்குள் கோத்துக் கோத்து ஏற்றினார். அவசரம் இல்லை. ஒரு படி தவறினாலும் பிரித்து மறுபடி ஆரம்பித்தார்.

"வெளிச்சம் போவுது நைனா," என்றார் கன்னையன், மார்பில் கை கட்டிக்கொண்டு. கடல் காற்று குளிர்ந்தது.

"இருங்க சாமி, இன்னும் துளிதான்."

மருதம்மாள் சீப்பை எடுத்தாள். தலையைக் கலைத்துக் கலைத்து வாரிக்கொண்டிருந்தாள். மகள் அலையில் பாவாடையை நனைத்துக்கொண்டு வந்து, அதுவும் காய்ந்துபோயிற்று.

கடைசியில் முடிச்சுப் போட்டு, நீவி, பனியனை நீட்டினார். கன்னையன் போட்டுக்கொண்டு, கிழிசல் இருந்த இடம் தெரியவில்லையே என்று தடவிப் பார்த்தார். பிறகு மூவரையும் நிறுத்தினார். அர்த்தநாரி மனைவியின் பக்கத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றார். மருதம்மாளுக்கு மூச்சு வந்தது.

"ஆடக் கூடாது," என்று கன்னையன் கேமரா மூடியில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்தா ஒருவர் பனியனோடு கடலில் முங்கிவிட்டு, பின்னால் கரையேற வேண்டும்?

படம் வந்தது. மருதம்மாள் இருந்தாள். மகள் இருந்தாள். நடுவில் ஒரு பின்தலை. மூன்று பேரில் கடலைப் பார்த்து நிற்பவர் அவர் ஒருவர்தான் என்று வேண்டுமானால் பெருமைப்படலாம். இன்னொன்று எடுக்க வெளிச்சமும் இல்லை, ரயிலுக்கு நேரமும் இல்லை.

மருதம்மாள் நெடுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அக்காகிட்டக் காட்டினா, இது யாருன்னு அவ கேக்கவே மாட்டாளுங்க."

அர்த்தநாரி படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். "அம்மிணி, ஓரத்துல அந்தக் கடல்ல முங்குனவரு மேலுக்குப் போட்டிருக்கறதப் பாரு. நனைஞ்சா எத்தனை தொங்குதுன்னு நல்லா உழுந்திருக்குது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த இனத்தை நான் எடுத்த படமும் கழுவி முடிந்துவிட்டது வாசகரே, இதோ. ஈரம் காயவில்லை, ஓரமாகப் பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்தலை மட்டும்தான் விழுந்திருக்கிறது. யாருடையது என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்; உங்கள் வீட்டில் காட்டிக் கேளுங்கள்.