மடக்கு நாற்காலியோடு வந்த ஆலோசகர்

மடக்கு நாற்காலி என்று நாங்கள் பெயர் வைத்த அந்த நிதி ஆலோசகரைப் போல எரிச்சலூட்டுகிற இன்னொரு மனிதரைச் சங்கரன்கோவில் பெற்றதில்லை.

கொளுத்துகிற வெயிலிலும் டை கட்டியிருப்பார். ஸ்கூட்டரின் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். ஒரு வீட்டுக்கு முதல் தடவை போனால், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வாயைத் திறப்பார். நம் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள்? "நாக்காலி இல்ல, நான் நின்னுக்கிடுதேன்" என்று அடுக்களை வாசலில் நிற்பார்கள். அந்தச் சாக்கை ஒழிக்கத்தான் இந்த நாற்காலியாம். பெரிய கண்டுபிடிப்பு!

ஒரு தறிக்காரர் வீட்டில் அந்த அம்மாள், "தறி ஓடுது, வரமுடியாது" என்றிருக்கிறார். இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தறிக்கூடத்துக்கே போய்விட்டார். அந்த இரைச்சலில், "நகைய எங்கன அடகு வச்சிருக்கீக?" என்று கத்தினார். அந்த அம்மாளும் கத்தியே பதில் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துபோனது. அடுத்த தடவை போனபோது தறிக்காரர் இவரை வாசலோடு விரட்டிவிட்டார்.

இந்த லட்சணத்தில் நானும் அவரைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும், சிநேகிதன் சொன்ன வாசுதேவநல்லூர் ரோட்டு மனையில் போட முடிவு செய்திருந்தேன். வரி விவரம் மட்டும் கேட்க வேண்டியிருந்தது. வந்தார். நாற்காலியை விரித்தார். வாயை மூடிக்கொண்டார்.

"என்ன வே, பேசுதீரா, இல்ல இங்கன குடி வந்துட்டீரா?"

"மதினி உக்காரட்டும் அண்ணாச்சி."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது வே."

அவருக்கு வைத்த காபியில் ஏடு படிந்தது. கடைசியில் என் மனைவிதான், "இந்த மனுஷன் போகமாட்டாரு போலுக்கே" என்று முணுமுணுத்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"மதினி, இந்தப் பணத்த நெனச்சா உங்களுக்கு என்ன பயம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "இவுகளுக்கு அப்புறம் மாத்திரை வாங்கக்கூட மகன்கிட்ட கை நீட்டிக்கிட்டு நிக்கணுமோன்னு இருக்கு. மனைய வச்சு நான் என்ன செய்ய?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் அதைச் சொன்னதில்லை. அந்த மனுஷனோ டையைச் சரிசெய்துகொண்டு, ஆறிப்போன காபியை நிதானமாகக் குடித்தார். மனைப் பேச்சு அன்றோடு சரி. மாதாமாதம் அவள் கைக்கே வட்டி வருகிற மாதிரி பணத்தைப் போட்டோம்.

போகும்போது நாற்காலியை மறந்துவிட்டார். மறுநாள் கேட்டு வந்தவரிடம், "அது எனக்குப் போட்டதுல்லா" என்று என் மனைவி தர மறுத்துவிட்டாள். இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் அந்த டையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான். ஆனால் கணக்குப் பார்க்க அவர் வருகிற நாளில், தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் எழுந்து, அவளுக்கு அந்த நாற்காலியை விரித்துப் போடுகிறேன். அவருக்குக் காபியை, ஆறுவதற்குள், நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.