கார் டயர் போட்ட ஸ்கூட்டருக்காக ஒரு விண்ணப்பம்

நாமக்கல்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை குணசீலன் அவர்களுக்கு, செங்கோடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்கா, ஸ்கூட்டர் ஆகிய மூவரும் நலம். ஆத்தூரில் நீங்களும் தங்கச்சி சுகன்யாவும் ஜவ்வரிசி ஆலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதன்பிறகு என் தரப்பு வெளியே வருவதில்லை.

வரும் ஞாயிறன்று நீங்கள் வந்து என் ஸ்கூட்டரை எடுத்துப்போவதாக முடிவாகியிருக்கிறது. பெங்களூரிலிருந்து என் மகன் மதியழகன் தீர்ப்புச் சொன்னான், உங்கள் அக்கா அங்கம்மாள் ஆமோதித்தார், நீங்கள் தலையாட்டினீர்கள். அறுபத்தெட்டு வயதில் வண்டி எதற்கு என்பது மகனின் கேள்வி. சர்வேயராக இருந்து வரப்பு வரப்பாக நடந்தவன் இனி பால் வாங்கக்கூட ஆட்டோவுக்குக் கை காட்ட வேண்டுமா என்பது என் கேள்வி. தீர்ப்புக்குக் காரணம், போன மாதம் முட்டைக் குடோன் முனையில் மணல் சறுக்கி நான் விழுந்தது. உடன் விழுந்தவை ஒரு தட்டு முட்டை. முப்பதில் நான்கு பிழைத்தன. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு நடந்ததை யாரும் உங்களுக்கு முறையாகச் சொல்லவில்லை.

விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து யோசித்தேன். ஸ்கூட்டர் டயரின் அடி உருண்டையாக இருக்கிறது, அதனால் சாய்கிறது, சாய்வதால் சறுக்குகிறது. கார் டயரின் அடி தட்டை. தட்டையானது எப்படிச் சாயும்? சேலம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் கரீம் பாஷாவிடம் பழைய சின்னக் கார் ஒன்றின் டயர்கள் இரண்டு கிடந்தன. அதுவும் பன்னிரண்டு அங்குலம், என் சக்கரமும் பன்னிரண்டு அங்குலம். கரீம் பாஷா தயங்கினார். "உயரம் ஒத்துப்போச்சுன்னு மட்டும் பாத்து யாராச்சும் கல்யாணம் பண்ணுவாங்களா சார்? அகலம் பாக்க வேண்டாமா?" என்றார். அகலத்தைத் தங்கசாமி பார்த்துக்கொள்வார் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

தங்கசாமி லாரிக்கு பாடி கட்டுகிறவர். "ஆறு சக்கரத்துக்குக் கீழ நான் தொட்டதில்லைங்க. இருந்தாலும் கொண்டாங்க, ரெண்டு ஸ்டெப்னின்னு நெனச்சுக்கறேன்" என்றார். மட்கார்டை அறுத்தார், முன் ஃபோர்க்கை அகட்டினார், ரிம்மில் பட்டை வைத்து வெல்டிங் அடித்தார். லாரிக்குச் செய்வதுபோலவே இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று போதும் என்றார். சூடம் காட்டி, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சையாக வைத்து வண்டியை ஏற்றினோம். உருண்டை டயர் என்றால் பழம் ஒரு பக்கம் பிதுங்கி ஓடும். இதில் விதைகூட மிஞ்சவில்லை. ஸ்டாண்டு போடாமல் இறங்கிப் பார்த்தேன். வண்டி தானாக நின்றது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அன்று மாலை பரமத்தி ரோட்டில் வீட்டுக்கு வந்தேன். நம் தெரு இடதுபக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். கைப்பிடியைத் திருப்பினேன், வண்டி சம்மதிக்கவில்லை. சாய்ந்தால்தான் ஸ்கூட்டர் வளையும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது; சாயக்கூடாது என்றுதானே டயரையே மாற்றியிருந்தேன். ரோடே லேசாக வளைந்த இடத்தில் வண்டி நேராகப் போய் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலுக்குள் நுழைந்து பன்னீர் தெளிக்கிறவர்கள் முன்னால் நின்றது. விளக்கம் சொல்வதைவிடச் சந்தனம் எடுத்துக்கொள்வது எளிதாக இருந்தது. இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள். கிளம்பும்போது பெண் வீட்டார் நான்கு பேர் வண்டியைத் தூக்கி ரோட்டைப் பார்த்துத் திருப்பிவைத்தார்கள். விழவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வெள்ளிக்கிழமை உங்கள் அக்காவையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். "ஏனுங்க, கோயலு அந்தப் பக்கமுங்க" என்றார். "தெரியும்" என்றேன். "தெரிஞ்சா வளைங்க." "வளைய மாட்டேங்குது." "வண்டியா, நீங்களா?" அதற்குள் சிக்னல் வந்துவிட்டது. ஓரங்கட்டச் சொல்லிப் போலீஸ்காரர் கை காட்டினார். ஓரம் என்பதும் ஒரு திருப்பம்தான். அவரே நடந்து வந்து வண்டியை இரண்டு முறை சுற்றினார். "ஏனுங்க பெரியவரே, இது காருங்களா, ஸ்கூட்டருங்களா?" என்றார். "மேல ஸ்கூட்டருங்க" என்றேன். உங்கள் அக்கா பின்னாலிருந்து, "இவர புடிச்சு வெச்சுக்கங்க சாமி, நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்றார். ஒரு வாரத்தில் பழைய டயரை மாட்டிக் காட்டச் சொல்லிப் போலீஸ்காரர் அனுப்பினார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எருமப்பட்டிப் பக்கம் ரோடு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. கார் டயர் அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கேட்காமல் மாதேஷ் என்பவரின் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் இறங்கி, நான்கு உழவுச் சால்களைத் தாண்டி நின்றது. நான் சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தேன். மாதேஷ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு டயர்த் தடத்தைப் பார்த்தார். "உழவு ஓட்டறதா இருந்தா முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமுங்க, கெழங்கப் புடுங்கியிருப்பேன்" என்றார். அங்கேயும் விழவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, கணக்கு இதுதான். பழைய டயரில் ஐந்து வருடத்தில் இரண்டு முறை விழுந்தேன். கார் டயரில் பத்தொன்பது நாளில் ஒரு முறையும் இல்லை. நான் விழுகிறேன் என்பதுதான் என்மீதான ஒரே குற்றச்சாட்டு. போக நினைத்த இடத்துக்குப் போவதில்லை என்று மதியழகன் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் அவனைக் கூப்பிட்டு, மாமா நானே நேரில் விசாரித்துவிட்டேன், வண்டி அப்பாவிடமே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் சொல்லை அவன் தட்டமாட்டான். ஞாயிறன்று வெறுங்கையோடு வந்து, நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்ப வேண்டுகிறேன். சுகன்யாவுக்கும் குழந்தை இனியாவுக்கும் எங்கள் ஆசிகள். அர்த்தநாரீசுவரர் அருளால் உங்கள் குடும்பமும் ஆலையும் ஓங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமா,
செங்கோடன்.

பி.கு.: கடிதத்தை நான்கு நாளாகத் தபாலில் சேர்க்க முடியவில்லை, வண்டி என்னிடம் இல்லை. கீழே விழாத வண்டி என்று நான் சொன்னதை உங்கள் அக்கா நம்பிவிட்டார். புதன்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஏறினார், வியாழக்கிழமை ஓட்டக் கற்றுக்கொண்டார், சாவி இப்போது அவர் இடுப்பில் இருக்கிறது. திருப்பம் வந்தால் நிறுத்தி, "கொஞ்சம் திருப்பிவிடு சாமி" என்கிறார். நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவருகிறார்கள். எனக்கு அந்தக் கல்யாண வீட்டாரைத் தவிர இதுவரை ஒருவரும் வந்ததில்லை. நான் பின்சீட்டில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறேன். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாமல் உடனே வந்து வண்டியை எடுத்துப்போகவும். இதைக் கரீம் பாஷாவின் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் அலைய வேண்டாம், ஞாயிறு காலை வண்டியிலேயே ஆத்தூர் வந்துவிடலாம் என்று அங்கம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் முந்திக்கொள்ள முடியாவிட்டால், அன்று உங்கள் வீட்டு முன்கேட்டைத் திறந்து வைக்கவும். பின்கேட்டையும்.