என் டிகிரிக்காகத் துப்பியவர்

யாராவது நம்மைப் பார்த்துத் துப்பினால் அவமானம். இதில் யாருக்கும் இரண்டாம் கருத்து கிடையாது. நான் ஒருத்திதான் எனக்காக ஒருவர் துப்பியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். (விருந்தாளிகள் சாப்பிடும்போது மட்டும் சொல்லாதே என்பது என் வீட்டுக்காரரின் வேண்டுகோள்.)

அப்போது திண்டிவனத்தில் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் கடைசி வருடம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால், கொய்யா இலைச் சாறு அதற்கு உதவுமா என்று பார்ப்பதையே ப்ராஜெக்டாக எடுத்திருந்தேன். சோற்றிலுள்ள மாவுச்சத்தை நம் எச்சில் சர்க்கரையாக உடைக்கும். இலைச்சாறு அதைத் தடுத்தால் நல்லது. தடுக்கிறதா என்று கண்டுபிடிக்க அயோடின் போதும். மாவு உடையாமல் இருந்தால் கருநீலம் வரும், உடைந்துவிட்டால் நீலம் வராது. இதற்கான நொதியைக் காசு கொடுத்தும் வாங்கலாம். விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும் என்பதால், எங்கள் லேபில் எச்சில் உபயம் மாணவர்களே. நானும் தாராளமாக வழங்கி வந்தேன்.

புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாஸ் செய்தால் உடனே சேரலாம், இல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். கடலை எண்ணெய் ஆலையில் மல்லாட்டை மூட்டை தூக்கும் அப்பாவின் முதுகு அப்போதே முரண்டு பிடிக்க ஆரம்பித்திருந்தது. நான் சம்பாதித்தால்தான் அவர் மூட்டையை இறக்கி வைக்க முடியும்.

வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு மேடம் வருகிறார், எல்லாவற்றையும் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்வார் என்று முன்பே பேச்சு. அதாவது, அவ்வளவு பெரிய மேடம் முன்னால் நான் எச்சில் துப்ப வேண்டும். அது கொஞ்சம் மரியாதையான எச்சிலாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். (என் மூளை அந்த வயதில் இப்படித்தான் வேலை செய்தது.) வாய் மணக்க எங்கள் பக்கம் கொய்யா இலையை மெல்வது வழக்கம். மயிலத்தில் பஸ் ஏறியதிலிருந்து கல்லூரி வாசல் வரை விடாமல் மென்றேன். சாறு பாட்டில்கள் இருந்த ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் கூட வந்தார்.

"இன்னா பாப்பா, பரிட்சைக்குப் போறியா, மேய்ச்சலுக்குப் போறியா?"

"கம்முனு வாப்பா. பயத்துல மென்னுக்கினு வர்றேன்."

கடைசியாக என் முறை வந்தது. உள்ளே மேடமும் எங்கள் துறைத்தலைவர் சாரும் மட்டும். வழக்கமான ஸ்வீட், காரம், டீ எல்லாம் முடித்துத் தெம்பாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் குழாயில் மாவும் என் எச்சிலும். இரண்டாவதில் அவற்றோடு இலைச்சாறு. காத்திருந்து இரண்டிலும் அயோடின் விட்டேன். இரண்டும் மை ஊற்றியது போலக் கருநீலமாகிவிட்டன.

"ரெண்டாவது நீலம், சரி. முதல் குழாய்ல சாறே ஊத்தலையேம்மா? ஊத்தாமலே வேலை செய்யற மருந்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். ப்ராஜெக்ட் பூரா இப்படித்தானா?" என்றார் மேடம்.

சார் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். இத்தனை மாத உழைப்பும் பொய்க் கணக்கென்று ஆகிவிடும் போலிருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பல்லெல்லாம் என்ன பச்சை?"

"கொய்யா இலை மேடம்."

"எதுக்கு?"

"எச்சில்... மரியாதையா இருக்கட்டும்னு..."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சாரும் சேர்ந்துகொண்டார். மருந்தை வாயிலேயே கலந்துகொண்டு வந்து எச்சிலைச் செயலிழக்க வைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சிரிக்க வெச்சதுக்கெல்லாம் மார்க் போட முடியாது. வேற எச்சில்ல செஞ்சு காட்டு" என்றார் மேடம்.

சார் பெருந்தன்மையோடு எழுந்தார். மேடம் தடுத்துவிட்டார். "நாம டீ குடிச்சிருக்கோம் சார். அதுவும் துவர்ப்பு, மறுபடி சந்தேகம் வரும். டீ குடிக்காத ஆளு யாராவது இருக்காங்களா?"

வராந்தாவில் ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். காலையில் கேப்பைக் கூழ் குடித்ததோடு சரி. கூப்பிட்டதும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"இங்கியா? மேடம் எதிர்லயா? வோணாங்க, தப்புங்க."

தாத்தா காலத்தில் பெரிய தெருவில் நடக்கும்போது எங்கள் ஆட்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டுதான் போவார்களாம். அந்த அடக்கம் அப்பாவிடம் மிச்சம் இருந்தது. மேடம் எழுந்து வந்து, கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"உங்க பொண்ணு பரிட்சைங்க. தைரியமா துப்புங்க."

அப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துப்பினார்.

"போதுங்களா? இன்னும் வோணுமா?"

"போதும், போதும்!" என்று சார் அலறினார்.

மறுபடி மாவு, மறுபடி காத்திருப்பு, மறுபடி அயோடின். அப்பாவின் எச்சில் மட்டும் இருந்த குழாயில் நீலம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாறு சேர்ந்த குழாய் கருநீலமாக நின்றது. நான் லேப் என்றும் பாராமல் துள்ளிக் குதித்தேன்.

"குழாய்ல தடுக்குது. மனுஷ உடம்புல தடுக்குமாங்கறதுக்கு இன்னும் எவ்வளவோ சோதனை பாக்கி இருக்கு. அதை மறந்துடாதே" என்றார் மேடம். (அன்று சாயங்காலமே அம்மா, "அப்ப மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்க, நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.)

அப்பா மெதுவாகக் கேட்டார். "மேடம், பாப்பா பாஸுங்களா?"

"பாஸுங்க. நீங்களும்தான்."

வேலையில் சேர்ந்தேன், அப்பா மூட்டையை இறக்கி வைத்தார். இப்போதும் வீட்டில் மிக்சி நின்றாலும் சரி, மருமகனின் ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தாலும் சரி, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். தெருக்கோடி வரை கேட்கும் குரலில் சொல்வார்:

"தள்ளுங்கப்பா, ஜல்தியா ஒரு டியூப் கொண்டாங்க. நான் வந்து துப்பனாத்தான் இந்த வூட்ல எதுவும் பாஸாவும்!"