உன் காரின் சைலன்சர் சம்பந்தமாக

செவ்வாய்க்கிழமை, பிற்பகல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. போன வாரம் நீ அனுப்பிய செய்தியில் கார் சௌக்கியமா என்று இரண்டு முறையும், அத்தான் சௌக்கியமா என்று ஒரு முறையும் கேட்டிருந்தாய். என்னை விசாரிக்க இடம் போதவில்லை போலிருக்கிறது. நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். கார் சௌக்கியம். அத்தான் காரைவிடச் சௌக்கியம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை இனிவரும் பக்கங்களில் படிக்கப்போகிறாய், ஆகவே கப்பலில் எங்கே நின்றுகொண்டிருந்தாலும் உட்கார்ந்துகொள். போனில் சொல்லலாம் என்றால் நான் குரலை உயர்த்தும் இடத்திலெல்லாம் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஆறு மாதம் கப்பலுக்குப் போகிறேன், காரை உங்கள் ஷெட்டில் விடுகிறேன், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை ஓட்டினால் பேட்டரி இறங்காது என்று சொல்லிவிட்டுப் போனாய். பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பால் வைக்கச் சொல்வது போல அவ்வளவு லேசாகச் சொன்னாய். அது சூப்பர்சார்ஜர் வைத்த கார் என்றோ, சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் யந்திரம் என்றோ, கால் கட்டைவிரலை இரண்டு நெல் அளவு கூடுதலாக அழுத்தினால் எதிர்த்தெரு நம் மடியில் வந்து விழும் என்றோ ஒரு வார்த்தை சொன்னாயா? உன் அத்தான் முப்பத்தைந்து வருடம் நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் இருந்தவர். புத்தகத்தின் முதுகில் எண்ணை ஒட்டினால் ஒட்டுகிற சத்தம்கூட வெளியே கேட்காது. அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்றாவது வாரம் தெருமுனை வேகத்தடையை வேகத்தடை என்று மதிக்காமல் தாண்டியிருக்கிறார். தாண்டியது கார். தாண்டாமல் அங்கேயே தங்கிவிட்டது அடியில் இருந்த சைலன்சர். சைலன்சரைத் துணிப்பை போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் காரோடு வீடு வந்து சேர்ந்தபோது எழுந்த சத்தத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

எனக்கு முன்னால் எதிர்வீட்டு நர்ஸ் வந்து நின்றாள். இராப்பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அக்கா, நான் படுத்து இருவது நிமிஷம்தான் ஆச்சு. உங்க வீட்ல எதாவது வெடிச்சிருந்தா சொல்லுங்க, வந்து கட்டுப் போடுறேன். வெடிக்கலேன்னா அத அணைச்சிடுங்க." எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உன் அத்தான் சைலன்சரை வைத்துக்கொண்டு நின்றார்.

சரி, உனக்குச் சொன்னால் பதறுவாய், பதறினால் நானும் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று போன் செய்தேன். நீ பதறவில்லை. "நல்லதாப் போச்சுக்கா. கம்பெனிக்காரன் போட்டது ஊமைச் சைலன்சர். வெளிய வேற வாங்கி மாட்டணும்னு நானே நெனச்சிட்டிருந்தேன். சூப்பர்சார்ஜர் வண்டிக்குன்னே செய்றவர் ஒருத்தர் இருக்கார், அங்க போய் மூணு நாலு கேட்டுப் பாத்து ஒண்ணு எடு. உன் காத விட்டா நான் யார நம்புவேன்" என்றாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்பார்கள். நீ என் காதை ஊதிக் கெடுத்தாய். தம்பி, இந்தக் காது முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை அறையில் உட்கார்ந்த காது. இரட்டைக் கதவு, சுவரெல்லாம் பஞ்சு, மூச்சு விட்டால்கூட உரக்கக் கேட்கும் அறை. "கேட்டா கையத் தூக்குங்க" என்பதைத் தவிர அங்கே நான் எதுவும் பேசியதில்லை. அந்தக் காதைக் கொண்டுபோய் ஒரு காரின் பின்பக்கத்தில் வைக்கச் சொல்கிறாய்.

வைத்தேன். கூடப்பிறந்த குற்றத்துக்கு வைத்தேன்.

கடையின் பெயரே சைலன்சர் கடை. அந்தத் தெருவில் அதைவிடச் சத்தமான இடம் வேறு இல்லை. சைலன்சர்க்காரர் பெரிய உடம்பு, பெரிய குரல், வெல்டிங் பொறி பட்டுப் பொத்தல் விழுந்த சட்டை. அவருடைய மகள்தான் குழாய் அளவெடுப்பது, ஆர்டர் எழுதுவது, சாமான் எடுத்துக் கொடுப்பது எல்லாம். அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சே இல்லை. அவள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அட்டையில் சாக்பீஸால் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இந்த இரைச்சலில் வேறென்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க வண்டில காத்து உள்ள போறது ஜாஸ்திம்மா. போற காத்து வெளிய வரணுமில்ல. குழா குறுகலா இருந்தா வண்டிக்கு மூச்சு முட்டும்" என்றார் சைலன்சர்க்காரர். அதுவரை நியாயமாகத்தான் பேசினார். பிறகு நேர்க்குழாய் ஒன்றை மாட்டி முடுக்கினார். டப்பாவில் இருந்த நட்டுகள் எல்லாம் எழுந்து ஆடின. என்னிடம் இருக்கும் சின்ன ஒலிமானியில் நூற்றெட்டு டெசிபல் காட்டியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "காது குளிருதா" என்றார்.

"கீழ்ச்சத்தம் இருக்கட்டும். மேல தகரத்த ஆணியால கீறுற மாதிரி ஒண்ணு வருதே, அது என்ன?" என்றேன்.

"எது?"

"அந்தக் கீறல்."

"கீறலா? நம்ம குழாயிலயா?" என்று அவர் குனிந்து குழாயில் ஏதாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார். மகள் அளவு நாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நாலு நாள் கழித்து இரண்டாவது குழாய். வெளியே நின்று கேட்டால் பரம சாது. தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பதை உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரே வேகத்தில் போனால் ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் மண்டைக்குள் புகுந்துகொள்கிறது. வண்டு கூடு கட்டியது போல இருக்கிறது. நாற்பது நிமிடம் நெடுஞ்சாலையில் போய் வந்தோம். நான் பேசிய எதுவும் உன் அத்தானுக்குக் கேட்கவில்லை. இறங்கியதும், "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். எது நல்லா இருந்துச்சு என்று கேட்டேன். கார்தான் என்று அவசரமாகச் சொன்னார். இதை நான் மறக்கப்போவதில்லை.

திரும்பப் போய்ச் சைலன்சர்க்காரரிடம் ரீங்காரத்தைச் சொன்னால், "நான் வண்டிக்குப் பின்னால நின்னுதாம்மா கேப்பேன். உள்ள எவன் உக்காந்து பாத்தான்" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? சமைக்கிறவன் ருசி பார்க்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இவர் மோந்துகூடப் பார்க்காமல் பந்தி வைக்கிறார். போதாததற்கு முதல் குழாயில் கீறலே இல்லை என்று மறுபடி சாதித்தார். "இருவத்திரெண்டு வருஷமா இதே வேலதாம்மா. என் காதுக்குத் தெரியாதா" என்றார்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யந்திரங்களெல்லாம் நின்றிருக்கும்போது, வீட்டில் இருந்த என்னுடைய கைப்பெட்டிப் பரிசோதனைக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒப்புக்கொள்கிறேன், மனிதாபிமானத்தில் போகவில்லை. அவர் மூக்கை உடைக்கத்தான் போனேன். சாமான் அறையில் ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் அவரை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். கேட்டா கையத் தூக்குங்க என்றேன். கீழ்ச்சத்தத்துக்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சட்சட்டென்று கையைத் தூக்கினார். மேலே போனேன். கை மடியிலேயே இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, "அடுத்தத எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

நான் ஆரம்பித்து நாலு நிமிடம் ஆகியிருந்தது.

தம்பி, முப்பத்தோரு வருடத்தில் இந்த வார்த்தையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குச் சாதாரணமாக இருந்ததில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவருக்குப் புரியும்படி சொன்னேன். இத்தனை வருட இரைச்சல் மேல்சத்தத்தை அரித்துவிட்டது, ஆம்பளைக் குரல் ஓரளவு கேட்கும், பொம்பளைக் குரலில் பாதி எழுத்து விழாது, யாரோ முணுமுணுக்கிற மாதிரிதான் இருக்கும் என்றேன். நான் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் முகத்துக்கு நேரே நின்று நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவள், அதனால்தான் என் பேச்சு அவருக்கு எட்டியது.

"என் மக அஞ்சாறு வருஷமா வாய்க்குள்ளயே பேசிட்டிருந்தா, இப்ப அதுவும் இல்ல. என்னைய மதிக்காமத்தான் அப்படிப் பேசுறான்னு கோவிச்சுக்கிட்டேன்" என்றார்.

மகள் கதவுக்குப் பக்கத்தில்தான் சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தாள். "நான் கத்திக் கத்தித்தான் பேசிட்டிருந்தேன்" என்று என்னிடம் சொன்னாள். "எதுக்கும் பதில் வராது. என் பேச்சு காதுல போட்டுக்க லாயக்கில்லன்னு நெனக்கிறார்னு, அப்புறம் விட்டுட்டேன்." பிறகு அவருக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, "மொத நாளே தோணுச்சுப்பா. இந்த வண்டிக்கு நேர்க்குழா வேணாம். பெரிய குழா, நடுவுல கீறல் உறிஞ்சுற உருளை, கடைசில மூடித் தெறக்கிற வால்வு" என்றாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வால்வா?" என்றார். "வால்வு" என்றாள். "நல்ல யோசனைதான்" என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். நான் கருவியை மூட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவரை என் பழைய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போய்க் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன். மகள் சொன்ன மூன்றாவது குழாயை அவளே நின்று மாட்டினாள். காரை முடுக்கியபோது அவர் வழக்கம் போலப் பின்னால் நிற்கவில்லை, முன்பக்கம் போய்க் குனிந்து நின்றார். "விசில் மாதிரி ஒண்ணு மேல ஏறி ஏறிப் போகுதே" என்றார். அது சூப்பர்சார்ஜர் என்றாள் மகள். "அது பாடும்னு வர்ற கஸ்டமரெல்லாம் சொல்வாங்க. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிருவேன்" என்று சொல்லிவிட்டு, இன்ஜினை அணைக்கச் சொல்லி, மறுபடி போடச் சொல்லி, மூன்று தடவை கேட்டார்.

இதனால் எனக்கு நேர்ந்த நஷ்டத்தை நீ கவனிக்க வேண்டும். இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் அந்த மனிதரைத் திட்டுவதற்கென்று வைத்திருந்தது. அவரை இனித் திட்ட முடியாது. சேர்த்து வைத்ததை வீணாக்க மனமில்லாமல் உனக்கு அனுப்புகிறேன்.

குழாய் நல்ல குழாய்தான், அதை மறுக்கவில்லை. வால்வு மூடியிருந்தால் எதிர்வீட்டு நர்ஸ் புரண்டுகூடப் படுப்பதில்லை. ஆனால் வால்வைத் திறக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அந்தப் பொத்தான் உன் அத்தானின் இடது கைக்கு எட்டுகிறது. வாரம் ஒரு முறை ஓட்ட வேண்டிய காரை மனிதர் தினமும் எடுக்கிறார். திங்கட்கிழமை ஒரு பென்சில் வாங்கப் போனார். புதன்கிழமை ரப்பர். வெள்ளிக்கிழமை குண்டூசி வாங்கப் போகிறேன் என்றார். டப்பா வாங்கி வாருங்கள் என்றேன், தேவைப்படும்போது போய் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். நெடுஞ்சாலைத் திருப்பம் தாண்டி வால்வைத் திறப்பது வீட்டுக்கு லேசாகக் கேட்கிறது. வேறு யாருக்கும் கேட்காது, என் காதுக்குக் கேட்கிறது. கல்யாணமான நாளாக உரக்கத் தும்மாதவர், திரும்பி வரும்போது சீட்டியடித்துக்கொண்டு வருகிறார். இந்த வயதில் ஒரு மனிதரை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறாய்.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். அடுத்த துறைமுகத்தில் இறங்கு. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், அத்தானுக்குப் புத்தி சரியில்லை என்று சொல், எது அங்கே எடுபடுமோ அதைச் சொல். வந்து உன் காரையும் சைலன்சரையும் பொத்தானையும் எடுத்துக்கொண்டு போ. எங்கள் ஷெட்டில் முன்பு போலப் பழைய செய்தித்தாள் இருக்கட்டும். செய்தித்தாள் உறுமுவதில்லை.

கடல் உன்னை ஆட்டாமல் வைத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, இன்ஜின் அறையில் காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள், அதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஆயிரம் திட்டினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற,

உன் அக்கா.

பி.கு.: இதை எழுதி முடித்து ஒட்டிவிட்டேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். உன் அத்தான் பல் வைத்தியரிடம் பஸ்ஸில் போயிருந்ததால் கடிதத்தை நானே போடப் போனேன். தபால் நிலையம் நடந்தால் ஏழு நிமிடம். காரில் போனதால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, நான் போய்ச் சேர்ந்தபோது மூடியிருந்தார்கள். கப்பல் வேலையை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள் என்றாயே, கேட்டால் மறுக்காதே. கேட்காவிட்டால் நீயே போய்க் கேள். நாளைக்கு மறுபடி தபால் நிலையம் போகிறேன்.