விமலாவுக்கும் எனக்கும் ஆகாது

நான் ஒரு பொம்பளைமேல் பொறாமைப்பட்டுச் சோறு தண்ணி இறங்காமல் கிடந்திருக்கிறேன். அவள் என் புருஷனை இழுத்துக்கொண்டு போனவள் அல்ல. (அவள் வேறொருத்தி, கொழும்பில் இருக்கிறாள். அவளை நினைத்து நான் ஒரு நேரச் சாப்பாட்டைக்கூட விட்டதில்லை.) இவள் பெயர் விமலா. இவளுக்கு உயிரே கிடையாது. பிள்ளைகள் படிக்கிற கதைப் புத்தகத்தில் வரும் ஒரு அம்மா.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு வருசத்துக்கு முன்னால் நடந்தது. என் மகள் தர்ஷினிக்கு அப்போது ஒன்பது வயது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். பிள்ளை படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். அங்கே நூலகம் என்று ஒரு அலுமாரி இருந்தது. அந்த அலுமாரியிலிருந்துதான் 'எட்டாம் நம்பர் வீடு' என்ற கதை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்தது. ஒன்றல்ல, ஆறு பாகம்.

அதில் சிட்டு என்று ஒரு சிறுமி. அவளுடைய அம்மாதான் இந்த விமலா. டவுனில் தையல்காரி, புருஷன் இல்லை. அதுவரைக்கும் அவளும் நானும் ஒன்று. அதற்குப் பிறகு பாருங்கள். ரொட்டி சுட்டால் கருக்குவாள். சட்டை தைத்தால் ஒரு கையை உள்பக்கம் வெளியே வைத்துத் தைப்பாள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டி, சீருடை போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். கோபம் வந்தால் கத்துவாள், அப்புறம் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு அழுவாள், பெற்ற பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்பாள். இவ்வளவு செய்தும் அவளை எல்லாருக்கும் பிடிக்கும்!

என் கதையையும் சொல்கிறேன். காலையில் ஐந்து மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பிள்ளையின் சப்பாத்துக்கு வெள்ளை அடித்து, ரெட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனை மடிப்புக் கலையாமல் கட்டிவிட்டு, அப்புறம்தான் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுவேன். பிள்ளை ஒரு கணக்குப் பிழை விட்டால் பத்துத் தரம் எழுத வைப்பேன். ஏனென்றால், பின்னல் ஒரு பக்கம் சரிந்தால்கூட எங்கள் வரிசைவீட்டு லயத்தில் ஒருத்தி சொல்லத் தயாராக இருந்தாள்: "தகப்பன் இல்லாத புள்ளதானே." அந்த வார்த்தை என் மகள் காதில் விழக் கூடாது. அதற்காகவே நான் தப்பே செய்யாத பொம்பளையாக ஆகிப்போனேன். விமலா தப்புச் செய்தால் ஒரு பாகம் எழுதுவார்கள். நான் செய்தால் லயமே கூடிப் பேசும். எரியுமா எரியாதா?

ஒருநாள் தர்ஷினியின் கொப்பிக்குள் ஒரு தாள் கிடந்தது. எடுத்துப் படித்தேன்.

'அன்புள்ள விமலாம்மா, எங்க அம்மா ஒருநாளும் ரொட்டியைக் கருக்க மாட்டாங்க. எதையும் மறக்க மாட்டாங்க. அழவும் மாட்டாங்க. எங்க அம்மாவிடம் எனக்குப் பயம். சிட்டுவுக்குப் பயமே இல்லை.'

அதற்குமேல் படிக்க முடியவில்லை. கருகாத ரொட்டி கொடுத்ததற்கு உலகத்தில் எந்தத் தாய்க்காவது இப்படிப் புகார் வந்திருக்குமா? பெற்றவள் நான், பயம் எனக்கு. ஒரு முழம் துணியை ஒழுங்காகத் தைக்கத் தெரியாதவளுக்குப் பாசம்! என் பிள்ளையை அந்தக் காகிதக்காரியிடமிருந்து மீட்டே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எப்படி? நானும் விமலா மாதிரி ஆகிவிட வேண்டியதுதான். (புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.)

மறுநாள் காலையில் வேண்டுமென்றே ஒரு ரொட்டியை அடுப்பில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அது கருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு வீணாகிறதே என்று வயிறு எரிந்தது. தட்டில் வைத்து, "அடடா, கருகிப்போச்சே!" என்று சிரித்தும் காட்டினேன். தர்ஷினி ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரே ஓட்டமாகப் பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள்.

"செல்வி பெரியம்மா! அம்மாவுக்கு என்னமோ ஆகிருச்சு, சீக்கிரம் வாங்க!"

செல்வி அக்கா கொத்தமல்லித் தண்ணியோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லியே புள்ள. யாராச்சும் என்னமும் சொன்னாங்களா?" என்று கேட்டார். நான் கொத்தமல்லித் தண்ணியைக் குடித்துவிட்டுக் கருகின ரொட்டியையும் நானே தின்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாசிப்பு மாதம் வந்தது. அந்த விமலாவைப் படைத்த எழுத்தாளர் அம்மாவே கொழும்பிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாராம். தர்ஷினிதான் மேடையில் ஏறி மூன்றாம் பாகத்தில் ஒரு கட்டத்தை வாசிக்கப் போகிறாள். எந்தக் கட்டம் தெரியுமா? விமலா கடையிலிருந்து அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவாள். கழுத்தில் அளவு நாடா, தோளில் பாதி தைத்த சட்டைக் கை. எல்லாரும் பார்க்க, சிட்டு ஓடிப் போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள்.

எனக்குப் பொறி தட்டியது. நானும் மலையிலிருந்து அப்படியே போவேன். என் பிள்ளையும் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிக்கும். அந்த எழுத்தாளர் அம்மா கண்ணாலேயே பார்க்கட்டும்!

மற்றத் தாய்மார் எல்லாரும் அரைநாள் சம்பளமான அரைப் பேர் போதும் என்று முன்கூட்டியே இறங்கி, குளித்து, சீலை உடுத்திப் போனார்கள். நான் மட்டும் மழைக்குள் நின்று கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டின சாக்குப் படங்கோடு, தலையில் போட்ட துண்டோடு, சேற்றுக் காலோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். மழைக் காலத்தில் மலையை விட்டு இறங்கினால் முதலில் படங்கை அவிழ்த்து உதறுவோம், சவர்க்காரம் போட்டுக் காலைத் தேய்ப்போம், விரலிடுக்கைப் பார்ப்போம். கொழுந்து பறிக்கத் தொடங்கிய முதல் வாரமே பழகிப்போகிற காரியம் இது. அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. விமலா செய்ய மாட்டாள் என்பதால் செய்யவில்லை. விமலா டவுனில் இருக்கிறாள், டவுனில் அட்டை கிடையாது என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

நான் மண்டபத்துக்குள் நுழையும்போது தர்ஷினி வாசித்துக்கொண்டிருந்தாள். சரியாக "அப்போது வாசலில் விமலா வந்து நின்றாள்" என்ற இடம். நிமிர்ந்து பார்த்தாள். நான் கைகளை லேசாக விரித்துக்கொண்டு வேறு நின்றேன். (நினைத்தால் இப்போதும் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.) பிள்ளை ஓடி வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள், வரி தப்பிவிட்டது, அடுத்த பக்கத்தைப் புரட்டி வேறெதையோ வாசித்தாள். சீலை கட்டின தாய்மார் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஓடி வந்தது எழுத்தாளர் அம்மாதான். வெள்ளைச் சீலை, கழுத்தில் பூமாலை. மேடையை விட்டு இறங்கி வந்து என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்.

"வேலைத்தலத்துல இருந்து நேரா வாறீங்களா? அச்சு அசல் எங்கட விமலாவேதான்!"

யார் வாயிலிருந்து அந்தப் பெயர் வரக் கூடாதோ அவர் வாயிலிருந்தே வந்தது.

"நான் விமலா இல்லீங்க. மகேஸ்வரி," என்றேன் சுள்ளென்று.

அவர் சிரித்துக்கொண்டே போய்ப் பேச ஆரம்பித்தார். நான் முன்வரிசையில் பள்ளிக்கூட அதிபருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டேன். பேச்சு நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்று டீச்சர்மார் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் எழுத்தாளர் அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தரம் ஒன்றில் படிக்கிற ஒரு சின்னப் பெண் பொறுக்க முடியாமல் எழும்பினாள்.

"மிஸ், ஒங்க கழுத்துல அட்டை கடிக்குது. நல்லாக் குடிச்சிருச்சு."

எழுத்தாளர் அம்மா கழுத்தைத் தடவினார், கையைப் பார்த்தார், இரத்தம். அடுத்த நிமிசம் அவர் நாற்காலிமேல் ஏறி நின்றார். தரையில் இருக்கிற அட்டைக்குப் பயந்தால் நாற்காலியில் ஏறலாம், கழுத்தில் இருக்கிற அட்டையும் கூடவே ஏறத்தானே செய்யும்? மண்டபமே "அட்டை! அட்டை!" என்று கத்தியது. அதிபர் "உப்புக் கொண்டாங்க, உப்பு!" என்று அலறினார். தேத்தண்ணி மேசையிலிருந்து ஒரு டீச்சர் கிண்ணத்தோடு ஓடி வந்தார். அதிபர் அதை அள்ளி அந்த அம்மாவின் கழுத்தில் பரபரவென்று தேய்த்தார். அது சீனி. அட்டை அசையவே இல்லை.

கூட்டத்திலிருந்து செல்வி அக்காதான் மேடைக்கு ஏறி, வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்து ஒரு விரலால் தடவினார். அட்டை பொத்தென்று விழுந்தது. அதற்குள் அதிபர் தன் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்து "ஐயோ!" என்றார். அங்கே ஒன்று. நான் மெதுவாக என் படங்கைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"ஏம்மா மகேஸ்வரி, ஒதறிட்டு வர மாட்டீங்களா? நீங்களா இப்பிடி?" என்றார் அதிபர்.

அந்த 'நீங்களா'தான் என்னை உடைத்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

"எல்லாம் இவங்க எழுதுன விமலாவால வந்த வினைங்க! எம் புள்ளைக்கு ரொட்டி கருக்காத அம்மாவப் புடிக்கலையாம். என்னயப் பாத்தா பயமாம். அவளாட்டம் வந்தாலாச்சும் எங்கிட்ட ஓடி வருவான்னு பாத்தேன்!"

எழுத்தாளர் அம்மா நாற்காலியிலிருந்து இறங்கினார், கழுத்தெல்லாம் சீனியும் சுண்ணாம்பும்.

"அம்மா, கதையில விமலா கருக்கின ரொட்டியை ஒரு பிள்ளையும் சாப்பிடத் தேவையில்லைதானே," என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் எழுதலாமா?" என்று கேட்டார்.

"என்னத்தையாச்சும் எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பாதி வழியில் தர்ஷினி நின்றாள். அப்புறம் கேட்டாள். "அம்மா, என் கடுதாசியப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"மறுபக்கமும் படிச்சீங்களா?"

மறுபக்கம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவளே மனப்பாடமாகச் சொன்னாள். "'விமலாம்மா, ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்து எங்க அம்மாவுக்குக் கொஞ்சம் சிரிக்கப் பழக்கிக் குடுங்க. அவங்க ரொம்பக் களைச்சுப் போறாங்க.' அவ்வளவுதாம்மா எழுதுனேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று குனிந்து பார்த்தால் சிரிக்கிறாள்!

"பிரின்சிபால் சீனியப் போட்டாரேம்மா... சீனிய!" என்று சொல்லி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைச் சீருடை, சேற்று ரோடு. எழும்புடி என்று சொல்ல வாயெடுத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மகள் எனக்கு முன்னால் இப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருசம் ஏழாம் பாகம் வந்தது. அதில் விமலா ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டு அட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். நான் பட்ட அவமானம் ஒன்று விடாமல், சீனிவரைக்கும், அவள் பெயரில். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள் பாருங்கள்!

எனக்கு வந்த கோபத்தைவிடத் தர்ஷினிக்கு வந்த கோபம் பெரிது. "கள்ளி! இவ என்னைக்குக் கொழுந்துக் காட்டுக்குப் போனா? இது எங்க அம்மா செஞ்சது!" என்று குதித்தாள். மூன்றாம் நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நூலகப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் முழுக்க, விமலா என்ற பெயர் வருகிற இடமெல்லாம் பேனையால் வெட்டப்பட்டு, மேலே அழகான கையெழுத்தில் 'மகேஸ்வரி' என்று எழுதப்பட்டிருந்தது.

"பாருங்க, ஒங்க மகள் செஞ்ச வேலைய," என்றார் டீச்சர்.

புத்தகத்தில் ஒரு மடிப்பு விழுந்தாலே தோலை உரிக்கிறவள் நான். "எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லியே டீச்சர்?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் புத்தகம் இன்னும் அதே அலுமாரியில்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் வழியில் என்னைக் கண்டால், "மகேஸ்வரியம்மா, இன்னைக்கு ஒதறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடுகிறார்கள். வீட்டில் யார் வந்தாலும் தர்ஷினி இந்தக் கதையைச் சொல்லாமல் தேத்தண்ணி கொடுப்பதில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை. அந்த அத்தியாயத்தில் ஓர் இடத்தில் மட்டும் பெயர் மாற்றப்படவில்லை. 'நனைந்த முடியோடு நின்றாலும் விமலா அழகாகத்தான் இருந்தாள்' என்ற இடம்.

"இத மட்டும் ஏண்டி விட்டுட்ட?" என்று போன வாரம்கூடக் கேட்டேன்.

தர்ஷினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நடந்தத மட்டுந்தாம்மா மாத்துனேன்."